தமிழ் எழுத்துக்கு 'செரிஃப்' உண்டா? புத்தகத் தமிழும் கைப்பேசித் தமிழும் வேறு வேறாகத் தெரிவது ஏன்?

மெர்சிங் படகுத்துறையில் தியோமான் தீவுக்குப் போகும் படகுக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜொகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் ஆற்றின் முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் ஏறினால்தான் படகு கிளம்பும். சீட்டில் ஒரு நேரம் இருக்கும், கடலுக்கு ஒரு நேரம் இருக்கும். போனவர்களுக்குத் தெரியும்.

பையில் தாத்தா வீட்டிலிருந்து எடுத்துவந்த பழைய தமிழ் நாவல். கையில் கைப்பேசி. நாவலைத் திறக்கிறீர்கள். பத்து வரிக்குள் கண் தடுமாறுகிறது. மூடிவிட்டுக் கைப்பேசியில் தமிழ்க் கட்டுரை ஒன்றைத் தொடங்குகிறீர்கள். மூன்றாவது பத்தியிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறீர்கள். "என் தமிழ் அவ்வளவுதான் போல" என்று மனசுக்குள் ஒரு குரல்.

கொஞ்சம் பொறுங்க. பழியை மொத்தமாக உங்கள் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம். அதில் ஒரு பங்கு எழுத்துருவுக்கும் போகவேண்டும்.

கைப்பேசியில் தெரியும் தமிழும் அந்த நாவலில் அச்சான தமிழும் ஒரே எழுத்துகள்தான். ஆனால் முகம் வேறு. நாவலில் ஒவ்வொரு எழுத்தின் கோடும் ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் போகிறது. கைப்பேசியில் கோடு முழுக்க ஒரே தடிப்பு, பேனாவால் அழுத்தம் மாறாமல் இழுத்ததுபோல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உடனே தெரியும்.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டுக்குப் பெயர் உண்டு. செரிஃப், சான்ஸ் செரிஃப்.

முதலில், செரிஃப் என்றால் என்ன?

கல்லூரியில் பணிக்கட்டுரை எழுதியவர்களுக்கு 'டைம்ஸ் நியூ ரோமன், அளவு 12' மறக்காது. அந்த எழுத்துருவில் எழுத்தின் கோடு முடியும் இடத்தில் சின்னதாகக் கால்போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் செரிஃப். ஏரியல் எழுத்துருவில் அந்தக் கால் இருக்காது. அது சான்ஸ் செரிஃப், அதாவது கால் இல்லாதது.

அந்தக் கால் இன்று நேற்று முளைத்தது அல்ல. ரோமில் 113ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டிலேயே இருக்கிறது. அச்சு வந்தபோது ஐரோப்பியப் புத்தகங்களுக்கும் அதுவே பழகிப்போனது. டைம்ஸ் நியூ ரோமன் 1932-இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்காக உருவாக்கப்பட்டது.

நாவல், கட்டுரை, நாளிதழ் போன்ற நீண்ட வாசிப்புக்குச் செரிஃப், பெயர்ப்பலகைக்கும் திரைக்கும் சான்ஸ் என்பது ஆங்கில வடிவமைப்பாளர்களிடம் இருந்த பழைய பழக்கம். செரிஃப் இருந்தால் உண்மையிலேயே வேகமாகப் படிக்க முடியுமா என்று பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரே முடிவு வரவில்லை. கண் எதற்குப் பழகியிருக்கிறதோ அதை எளிதாகப் படிக்கும். அவ்வளவு தூரம்தான் துணிந்து சொல்லலாம்.

அப்படியென்றால் தமிழில்?

தமிழில் அந்தக் கால் இல்லை. 'ட' எழுத்தின் முனையில் குட்டிக் கோடு ஒன்றை ஒட்டவைத்தால் அது செரிஃப் ஆகிவிடாது, பார்க்க விகாரமாகத்தான் இருக்கும். விளம்பரங்களில் அப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டு. புத்தகத்துக்கு அது ஒட்டவில்லை.

தமிழில் செரிஃபின் இடத்தைப் பிடித்திருப்பது அந்தத் தடிப்பும் மெலிவும். 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்று ஒரு எழுத்துரு இருக்கிறதே, அதில் கால் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆங்கிலச் செரிஃப் எழுத்தோடு ஒரே பக்கத்தில் நின்றால் பொருந்திப்போகும் புத்தகத் தமிழ் முகம் என்பதால் அந்தப் பெயர். பெயர் இரவல். முகம் நம்முடையது.

அந்த முகம் எங்கிருந்து வந்தது? ஓலைச்சுவடியிலிருந்து என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் ஓலையில் தடிப்பு, மெலிவு கிடையாது. எழுத்தாணியின் முனை கீறிய கோடு எங்கும் ஒரே அளவு. கீறியபின் மையைத் தடவித் துடைப்பார்கள், கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார்கள். எகரம், ஏகாரம் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே உருவம். படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

(ஓலை கிழியாமல் இருக்கத்தான் தமிழ் எழுத்து வளைந்தது என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே நம்பவேண்டாம். 'ட', 'ப', 'ம', 'ய' எல்லாம் நேர்கோட்டில்தானே நிற்கின்றன?)

ஆக, கோடு சமமாக ஓடும் கைப்பேசித் தமிழ் ஒருவகையில் ஓலைக்கு நெருக்கம். தடித்து மெலியும் முகம் அச்சின் வழியாக நிலைபெற்றது. அந்தக் கதையில்தான் சுவாரசியம் இருக்கிறது.

கொல்லத்தில் 16 பக்கம்

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20. கேரளத்தின் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறுநூல் அச்சாகிறது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி இன்றுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அது. போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய கிறித்தவப் போதனை நூல். ஒரு பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அந்த நூலின் கடைசிப் பக்கம்தான் நமக்கு முக்கியம். அதில் இரண்டு வகைத் தமிழ் எழுத்துகளைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று 1577-இல் கோவாவில் செய்தது, இன்னொன்று 1578-இல் கொல்லத்தில் செய்தது. அதாவது ஒரே ஆண்டுக்குள், முதல் முயற்சி போதவில்லை என்று எழுத்தை மறுபடி வார்த்திருக்கிறார்கள். தமிழ் எழுத்துரு மாற்றம் என்ற ஒன்று நடந்தது அப்போதே!

அடுத்த பெரிய கட்டம் தரங்கம்பாடி. சீகன்பால்கு அடிகளார் 1706-இல் அங்கே வந்தார். சில ஆண்டுகளில் அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. தமிழ் புழங்காத ஊரில் வெட்டிய எழுத்து, உருவத்திலும் பெரிது. அப்படியே அச்சிட்டால் புத்தகம் கல் கனம் கனக்கும், காகிதமும் கட்டுப்படியாகாது. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறைகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று அச்சு வரலாற்றில் ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது.

இந்த இடத்தில் ஒரு எழுத்து எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் அடுத்தது விளங்கும். முதலில் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்குவார்கள். அதைச் செம்புத் தகட்டில் அடித்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஈயம், வெள்ளீயம், அந்திமனி கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றினால் ஓர் எழுத்து. 'ண' எழுத்தின் மூன்று சுழிக்குள்ளும் வெள்ளை இடம் விடவேண்டும், மை போய் அடைத்துக்கொள்ளக்கூடாது. அரிசி மணி அளவுள்ள இரும்பில் அதைச் செதுக்கியவரின் கண்ணையும் கையையும் நினைத்துப் பாருங்கள். பாதிரியார்களின் பெயர் வரலாற்றில் நின்றது. அந்தக் கைகளின் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் சென்னையின் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் என்ற அச்சாளர் வேலை செய்தார். எழுத்து சிறிதாகவும் தெளிவாகவும் இருக்கவேண்டும் என்பதில் அவர் காட்டிய அக்கறை பெரிது. 1862-இல் அந்த அச்சகம் வெளியிட்ட வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதியைப் பாருங்கள். இணையத்தில் படமாகக் கிடைக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பக்கம், நெருக்கமான பத்திகள். ஆனாலும் ஒரு சொல்லைத் தேடும்போது கண் வழுக்குவதில்லை. தாத்தாவின் நாவலில் நீங்கள் பார்த்த முகத்துக்கு அது பாட்டனார் முறை.

அந்த முகம் கடல் தாண்டியும் வந்தது. மகுதூம் சாயபு நடத்திய 'சிங்கை நேசன்' சிங்கப்பூரில் 1887-இல் தொடங்கியது. கோலாலம்பூரின் 'தமிழ் நேசன்' 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றது. 'தமிழ் முரசு' 1935-இலிருந்து வருகிறது. ஈய எழுத்தைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தைப் பார்த்த இதழ்கள் இவை.

தாத்தா புத்தகத்தில் 'லை' ஏன் விசித்திரமாக இருக்கிறது?

நாவலில் கண் தடுமாறியதற்கு இன்னொரு காரணம் உண்டு. இது எழுத்துருவின் அழகு பற்றியது அல்ல, எழுத்தின் உருவமே மாறிய கதை.

பழைய அச்சில் லை, ளை, ணை, னை நான்குக்கும் முன்னால் தனியாகக் கொம்பு நிற்காது. எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக இல்லாமல் சுருண்டு போகும். அவற்றை ஒட்டி ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. மொத்தம் 13 எழுத்துகள்.

இவற்றை எளிமையாக்கி, மற்ற எழுத்துகளின் வழக்கத்திலேயே எழுதலாம் என்று பெரியார் 1935-இல் தம் இதழில் நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது 1978-இல், எம்.ஜி.ஆர் முதல்வராக இருந்தபோது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் அந்த வழிக்கே வந்தன. நீங்கள் பள்ளியில் படித்தது சீர்திருத்திய எழுத்து. தாத்தா படித்தது அதற்கு முந்தையது. பத்துப் பக்கம் பொறுத்துக்கொண்டால் துதிக்கை பழகிவிடும். 13 எழுத்துதானே!

அச்சுக்கோப்பவருக்கு இந்தச் சீர்திருத்தம் பெரிய உதவி, ஏனென்றால் ஒவ்வொரு தனி உருவத்துக்கும் பெட்டியில் ஒரு தனிக் குழி வேண்டும். கு, கூ, சு, சூ, டு, டூ என்று உகர ஊகார வரிசைக்கு மட்டுமே 36 தனி உருவங்கள் இருக்கின்றன. 247 எழுத்து என்று நாம் பெருமையாகச் சொல்வோம். கோப்பவருக்கு அது இடுப்புவலி.

பிறகு கணினி வந்தது. நல்ல முகங்கள் எங்கே போயின?

1980களிலும் 90களிலும் தமிழ்ப் புத்தகங்கள் ஈயத்திலிருந்து கணினிக்கு மாறின. அப்போது கணினிக்குத் தமிழ் தெரியாது. எனவே ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் தட்டுவது ஆங்கிலம். கண்ணுக்குத் தெரிவது தமிழ்.

இதில் அழகான புத்தக முகங்கள் பல உருவாயின. ஆனால் எந்தத் தமிழ் எழுத்தை எந்த ஆங்கில இடத்தில் வைப்பது என்பதில் ஆளுக்கொரு முறை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கணினியில் திறந்தால் குப்பை. பழைய தமிழ்ப் பிடிஎஃப் ஒன்றிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டியபோது ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஏதோ வந்து விழுந்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். காரணம் இதுதான். பல அச்சகங்களில் இன்னும் அந்த எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன.

யூனிகோட் இதற்கு முடிவு கட்டியது. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். ஆனால் மாறும்போது பழைய முகங்கள் கூடவே வரவில்லை. யூனிகோட் தமிழோடு விண்டோஸ் 2000-இல் வந்தது 'லதா' எழுத்துரு. கோடு கிட்டத்தட்ட சமமாக ஓடும், அகலமாக உட்காரும் முகம். அந்தக் காலத்துத் தெளிவில்லாத திரைகளுக்கு அது பொருத்தமான முடிவு. மெல்லிய கோடு அந்தத் திரையில் உடைந்து காணாமல் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், திரைக்காகச் செய்த அந்த முகமே வலைப்பூ, பள்ளி வினாத்தாள், கோயில் அறிவிப்பு, கடைசியில் புத்தகம்வரைக்கும் பரவியது. கணினியோடு இலவசமாக வந்தது, தட்டினால் வேலை செய்தது, வேறென்ன வேண்டும்? ஒரு தலைமுறையின் கண்ணில் தமிழ் என்றால் அந்த ஒரே முகம் என்று பதிந்தது. பொத்தானுக்கும் பட்டியலுக்கும் ஏற்ற எழுத்தில் முந்நூறு பக்க நாவல் படிப்பது, கட்டாந்தரையில் படுத்துத் தூங்குவதுபோல. முடியும். காலையில் உடம்பு சொல்லும்.

உங்கள் ஐபோனில் ஒரு மலேசியர்

ஆப்பிள் கணினியோ ஐபோனோ வைத்திருப்பவர்கள் எழுத்துருப் பட்டியலில் 'தமிழ் எம்என்', 'தமிழ் சங்கம் எம்என்' என்ற பெயர்களைப் பார்த்திருக்கலாம். அந்த எம்என் யார் தெரியுமா? முத்து நெடுமாறன். மலேசியத் தமிழர். பொறியாளர்.

கணினியில் தமிழ் எழுத அவர் 1985-இல் தொடங்கிய 'முரசு' மென்பொருள்தான் பின்னாளில் 'முரசு அஞ்சல்' ஆனது. 2005-இல் வந்த 'செல்லினம்' கைப்பேசியில் தமிழில் எழுத வழி திறந்தது. ஆப்பிள் தன் கணினியில் தமிழைச் சேர்த்தபோது உள்ளே போன 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே. தமிழோடு நிற்கவில்லை. மலையாளம், கன்னடம், தெலுங்கு, சிங்களம், பர்மியம், கெமர் என்று பல எழுத்துமுறைகளுக்கான எம்என் எழுத்துருக்கள் அதே பட்டியலில் இருக்கின்றன.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஒரே மொழிக்கு எம்என் என்றும் சங்கம் எம்என் என்றும் இரண்டு தனித்தனி முகங்கள் எதற்கு? ஒரே முகத்தை எல்லா வேலைக்கும் போட்டு அடிக்கக்கூடாது என்பதற்காகத்தான். ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கில் எழுத்துருக்கள் இருக்கும்போது யாரும் "ஏன் இத்தனை?" என்று கேட்பதில்லை. தமிழுக்கு இரண்டாவது ஒன்று வந்தால் மட்டும் "ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்பார்கள்.

இப்போது நிலைமை எப்படி?

நல்லாவே இருக்கிறது. திரைகள் கூர்மையாகிவிட்டதால் மெல்லிய கோடும் உடையாமல் தெரிகிறது. புத்தக முகங்கள் யூனிகோடில் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. அதுவும் இலவசமாக.

'டிரோ தமிழ்' என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் டிரோ டைப்வொர்க்ஸ் வெளியிட்டது, கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் கிடைக்கிறது. ஈய அச்சுக் காலத்துப் புத்தகத் தமிழை மனதில் வைத்துச் செய்த முகம். தமிழ் எழுத்துகளை வடிவமைத்தவர்கள் பெர்னாண்டோ மெல்லோவும் பியோனா ரோஸும். மெல்லோ பிரேசில் நாட்டவர், போர்த்துகீசியம் பேசுபவர். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்து வார்க்கச் சொன்னவர்களின் மொழியும் அதே போர்த்துகீசியம்தான். கதை எங்கே சுற்றி எங்கே வருகிறது பாருங்கள்.

கூகுளின் 'நோட்டோ செரிஃப் தமிழ்' இன்னொன்று. மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்ததுவரை ஒன்பது கனங்களில் வருகிறது. எழுத்துரு இல்லாதபோது திரையில் வெற்றுச் சதுரங்கள் வருமே, அவற்றை வடிவமைப்பாளர்கள் செல்லமாகத் 'தோஃபு' என்பார்கள். தோஃபு வேண்டாம் என்பதுதான் நோட்டோ.

சம கோட்டு முகங்களிலும் நல்லவை வந்திருக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரன்', இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் 'பவனம்' போன்றவை தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் செயலிக்கும் அருமையாக உட்காரும். சம கோடு என்றாலே மட்டம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. இடம் பார்த்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

நீங்களே பள்ளி மலரோ கோயில் அறிவிப்போ அமைக்கிறீர்களா?

மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டு மலர், மேடைப் பதாகை, நண்பனின் திருமண அழைப்பிதழ் என்று தமிழ் தட்டத் தெரிந்த இளையர்மேல் இந்த வேலை எப்படியும் வந்து விழும். "நீ கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்தானே தம்பி, இதைக் கொஞ்சம் பாரு." மறுக்கவும் முடியாது.

முதலில் வரி இடைவெளியைக் கவனியுங்கள். ஆங்கிலத்துக்கு அமைத்த இடைவெளியில் தமிழை ஊற்றினால் மூச்சு முட்டும். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும் ஏறும், கீழே 'கு', 'மூ', 'ழு' எல்லாம் இறங்கும். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் இடித்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு 1.2 மடங்கு என்றால் தமிழுக்கு 1.5 கொடுத்துப் பாருங்கள். எழுத்துருவை மாற்றாமலேயே பாதி நோய் தீர்ந்துவிடும்.

அடுத்தது, எழுத்தை அகலத்தில் நசுக்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளம். 'பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது ஒரே சொல்! இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் அழுத்தினால் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மூணு சுழி எது ரெண்டு சுழி எது என்று தெரியாமல் போகும். அளவைக் கொஞ்சம் குறையுங்கள், அல்லது வாக்கியத்தைக் குறையுங்கள். இரண்டாவதுதான் எப்போதும் நல்லது.

அந்த நீளச் சொல்லால் இன்னொரு தொல்லையும் உண்டு. குறுகிய பத்தியில் இரண்டு ஓரத்தையும் சமமாக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். பழைய அச்சில் சொல்லை நடுவிலேயே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள், பெரும்பாலும் இணைப்புக்கோடுகூட இருக்காது. நம் மென்பொருள்கள் அப்படி உடைப்பது அரிது. இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நின்றால் போதும், வலப்பக்கம் எப்படியோ இருக்கட்டும்.

கடைசியாக ஒரு பொறி. டிரோ தமிழில் தடித்த வடிவம் கிடையாது. நீங்கள் 'பி' பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானே கோட்டை ஊதிப் பெருக்கிக் காட்டும். சுழிகள் அடைபடும். தடித்த எழுத்து வேண்டும் என்றால் நோட்டோ செரிஃப் தமிழ்போல அந்த வடிவத்தைத் தனியாக வரைந்திருக்கும் எழுத்துருவை எடுங்கள். சாய்வெழுத்தும் அப்படியே. ஆங்கிலத்தில் நூல் பெயரைச் சாய்த்து எழுதும் வழக்கத்தைத் தமிழுக்கு இழுத்து வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஒற்றை மேற்கோள்குறி போதும்.

படகு வர இன்னும் நேரம் இருக்கிறதா?

அப்படியானால் ஒரு சோதனை. கூகுள் டாக்ஸ் திறந்து, எழுத்துருப் பட்டியலில் 'மேலும் எழுத்துருக்கள்' போய், எழுத்துமுறை தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். கணினியில் செய்தால் சுலபம். ஒரே பத்தியை மூன்று முறை ஒட்டுங்கள். ஒன்றுக்கு வழக்கமான எழுத்துரு, ஒன்றுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், ஒன்றுக்குக் டிரோ தமிழ். பத்தியில் இந்தச் சொற்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்: பணம், மனம், கலை, களை, ஐயா, ராஜா, மாறன், மரம், கெடு, கேடு.

எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போங்கள். எந்த முகத்தில் 'ண', 'ன' குழப்பம் முதலில் வருகிறது? 'ஐ', 'ஜ' எப்போது ஒன்றாகத் தெரிகிறது? காலும் 'ர'வும்? ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும்? உங்கள் கண்ணுக்கு எது கடைசிவரை தாங்குகிறதோ, அந்த முகத்தில் வரி இடைவெளியைக் கொஞ்சம் அகட்டி ஒரு சிறுகதையைப் படித்துப் பாருங்கள். மூன்றாவது பத்தியில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறீர்களா என்று அப்போது சொல்லுங்கள்.

சோதனையில் 'ஔவை'யையும் சேருங்கள். 'ஔ' என்பதைப் பலர் 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு. 'ஔவையார்' என்று நீங்கள் தேடும்போது, 'ஒளவையார்' என்று யாரோ தட்டிவைத்த பக்கம் சில நேரம் அகப்படாமல் போவது அதனால்தான்.